நான்கு மணி நேரம் பின்னால்

ஏழாம் எண் கணினியில் மட்டும் அன்று காலை முடியவே இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மதியம் இரண்டு. மற்ற ஒன்பது கணினிகளிலும் இரண்டு. அறையைப் பார்த்துக்கொள்ளும் அவள் மணிக்கட்டிலும் இரண்டு. ஏழாம் எண்ணில் மட்டும்... காலை பத்து!

"அம்மாடி, எனக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு. கம்ப்யூட்டரே சொல்லுது பாரு" என்றார் சதுரங்கக்காரர். ஓய்வு பெற்றவர். தினமும் வந்து முகம் தெரியாத யாரோடோ சதுரங்கம் ஆடித் தோற்றுவிட்டுப் போகிறவர்.

"ஒருத்தருக்கு ஒரு மணி நேரம்தான் சார். மூணு மணிக்கு எழுந்துடணும்."

"நான் என்னம்மா பண்ணட்டும்? மெஷினுக்கே என்னைப் பிடிச்சுப் போச்சு."

"அதெல்லாம் முடியாது!" பின்னாலிருந்து தையல்கார அக்காவின் குரல். "ஏழாம் நம்பர் எனக்குத்தான்னு நேத்தே சொல்லி வெச்சேன். ஒரு மணி நேரம் கேட்டா அஞ்சு மணி நேரம் தர்ற மெஷின் வேற எங்க கிடைக்கும்?"

பொது நூலகத்தின் கணினி அறை அது. பத்து கணினிகள். அவளுடைய மேஜையில் கார்டைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். முடிய வேண்டிய நேரத்தை அவள் பதிவு செய்வாள். மிச்சத்தைக் கணினி தன் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் அவளே எழுந்து வந்து, "நேரம் முடியப்போகுது" என்பாள். அதனால் வழக்கமாக வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அலாரம். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள்.

அலாரத்துக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. இந்த மாதக் கடைசியில் உறுதிக் கடிதம் வர வேண்டும். வந்துவிட்டதாகவே நினைத்து அம்மா சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்துவிட்டாள். இந்த நேரத்தில் கணினி அறையில் ஒரு சண்டை, தலைமை நூலகர் காதில் ஒரு புகார்... வேண்டவே வேண்டாம்.

அவள் குனிந்து திரையின் மூலையில் நேரத்தைச் சரிசெய்தாள். மூன்று வாரமாக இதே கதை. இந்த வாரத்தில் மட்டும் மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் சரியாக நான்கு மணி நேரம். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பழுதென்றால் இவ்வளவு ஒழுங்காகவா வரும்?

மேஜையில் பாதி படித்த நாவல் கவிழ்ந்து கிடந்தது. எங்கோ பனி பெய்யும் தேசத்துக் கதை. அதைத் தொட மனம் வரவில்லை. யாரோ ஒருவர் தினமும் நான்கு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு போகிறார்... அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பதிவுகளைப் புரட்டினாள். கடிகாரம் கெட்ட ஒவ்வொரு நாளும், அதற்கு முன்னால் ஒன்றிலிருந்து இரண்டு வரை, அதே கார்டு. தொழில் என்ற இடத்தில் 'லிஃப்ட் மெக்கானிக்' என்றிருந்தது.

ஓ... அந்தச் சாம்பல் சட்டையா! காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தியானத்தில் இருப்பவன் மாதிரி உட்கார்ந்திருப்பானே... அவனா?

* * *

மறுநாள் மழை. ஜன்னல் கண்ணாடியில் துளிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு இறங்கின.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவன் வந்தான். வாசல் மிதியடியில் காலை இரண்டு முறை துடைத்தான். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். புருவத்தில் ஒரே ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"ஏழு" என்று கார்டை நீட்டினான்.

"மூணு காலியா இருக்கு. நேர் மேல ஃபேன்."

"நனைஞ்சுட்டு வந்தவனுக்கு எதுக்குங்க ஃபேனு? ஏழு போதும்."

ஐந்து நிமிடம் பொறுத்தாள். பிறகு ஆறாம் எண்ணின் மவுஸைத் துடைக்கிற சாக்கில் எழுந்து போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

அவன் கணினியை அணைத்தான். சாவிக்கொத்தை எடுத்தான். நான்கு சாவிகளுக்கு நடுவே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவ். அதைச் செருகினான். கணினியைப் போட்ட கையோடு ஒரு விசையைத் தடதடவென்று தட்டினான். திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின, வெளியே பெய்யும் மழை உள்ளே வந்துவிட்ட மாதிரி... பிறகு ஒரு படம் விரிந்தது. இன்னும் கூரை போடாத ஒரு லிஃப்ட் குழியின் அடியில் நின்று அண்ணாந்து எடுத்த படம். நாலு பக்கமும் சுவர். உச்சியில், தபால்தலை அளவுக்கு நீல வானம்.

நூலகத்தின் திரை அங்கே இல்லவே இல்லை.

"நிறுத்துங்க!"

அவன் திரும்பினான். திருடனின் கண்களைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். இவையோ நல்ல தூக்கத்தில் எழுப்பப்பட்ட கண்கள். தப்பு செய்த சாயலே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என் கம்ப்யூட்டர என்ன பண்ணீங்க? எங்க போச்சு அது?"

"உங்க கம்ப்யூட்டர் பத்திரமா தூங்குது மேடம். நான் எழுப்பவே இல்ல."

"அப்ப இது யாரு?"

"இது என்னோடது." பென் டிரைவை விரலால் தட்டினான். "ஆப்பரேட்டிங் சிஸ்டம், ப்ரோக்ராம், ஃபைலு, இந்தப் படம்... எல்லாமே இதுக்குள்ள இருக்கு. எந்த மெஷின்ல செருகிப் போட்டாலும் இதுலேர்ந்தே ஓடும். உங்ககிட்ட நான் வாங்கறது திரையும் கீபோர்டும் மட்டும்தான், அதுவும் இரவல்."

"சொந்த வீட்டத் தூக்கிட்டு வந்து, வாடகை வீட்டுக்குள்ள இறக்கி வெச்ச மாதிரி."

"அட!" அவன் முகம் மலர்ந்தது. "இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாம எங்க அண்ணிகிட்ட அரை நாள் முழிச்சேன். ஒரே வரில சொல்லிட்டீங்களே!"

பாராட்டு யாருக்கு வேண்டும்? அவளுக்கு வேண்டியது நான்கு மணி நேரம்.

"இங்க எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாதுன்னு போர்டு இருக்கே, பாக்கலையா?"

"பண்ணலையே! உங்க ஹார்ட் டிஸ்க்ல ஒரு துரும்பக்கூடத் தொடல. அணைச்சுட்டுப் பிடுங்கினா முடிஞ்சுது. நான் வந்துட்டுப் போன சுவடே இருக்காது."

"சுவடே இருக்காது?"

"சான்ஸே இல்ல."

"அணைங்க."

"மேடம்..."

"அணைங்க. பிடுங்குங்க. இப்ப எங்க சிஸ்டத்தப் போடுங்க."

அவன் அப்படியே செய்தான். நூலகத்தின் திரை சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. அவள் வலது மூலையைக் காட்டினாள். காலை 9:14. பிறகு சுவரைக் காட்டினாள். மதியம் 1:14.

அவன் இரண்டையும் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். காது மடல் மெல்லச் சிவந்தது.

"இது... நானா?"

"பின்ன நானா? மூணு வாரமா என்னோட நாலு மணி நேரத்த எடுத்துட்டுப் போறது நீங்கதான். இதனால இங்க தினம் அடிதடி!"

மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தாள். அவன் கேட்டது வேறு.

"ஏன்?"

"என்ன ஏன்?"

"ஏன் சரியா நாலு? மூணே முக்கால் இல்ல, நாலே கால் இல்ல..."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வாரமாக அவள் மனதுக்குள் சுற்றிக்கொண்டிருந்த கேள்வியை அப்படியே எடுத்துப் படிக்கிறானே!

"...அதான் எனக்கும் தெரியல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

* * *

விடை கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான்கைந்து பக்கங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள். அவன் சத்தமாகப் படித்தான். அவள் நடுவில் மறித்து மறித்துக் கேட்டாள்.

கணினிக்கு உள்ளே, ஒரு பொத்தான் அளவு பேட்டரியில், சின்னக் கடிகாரம் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. நூலகத்தின் சிஸ்டம், அது காட்டுவது இந்த ஊர் நேரம் என்று நம்புகிறது. அவனுடைய சிஸ்டமோ அது உலகப் பொது நேரம் என்று நம்புகிறது. கடல் கடந்த இந்தத் தீவில் ஊர் நேரம் அதைவிட நான்கு மணி முன்னால். அதனால் உள்கடிகாரத்தை நான்கு மணி பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டுப் போகிறது, சரியாக வைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு.

"அப்ப ரெண்டு பேருமே தப்பு பண்ணல" என்றாள் அவள்.

"பண்ணல. ஒரே கடிகாரத்த ஆளுக்கு ஒரு விதமா படிக்கறாங்க. அவ்வளவுதான்."

"பேசித் தீர்த்துக்க வேண்டியதுதானே?"

"யாராவது ஒருத்தர் இறங்கி வரணுமே..." என்று சிரித்தான். "நான் இறங்கறேன். எனக்குத் தொழிலே அதுதான். ஏறி இறங்கறது."

தன் சிஸ்டத்தில் ஒரே ஒரு வரி எழுதினான். உள்கடிகாரத்தை ஊர் நேரமாகவே எடுத்துக்கொள் என்று ஒரு வரி. அவனுடைய பென் டிரைவில் நினைவு வைத்துக்கொள்ளவும் ஒரு பகுதி உண்டாம். ஒரு முறை சொன்னால் போதும், அடுத்த முறை செருகும்போதும் மறக்காதாம்.

"எல்லாத்துலயும் அப்படி இருக்காதா?"

"இருக்காது மேடம். சிலது ஒவ்வொரு தடவையும் புதுசாப் பிறக்கும். நேத்து நடந்தது எதுவும் தெரியாது. என்னோடது அந்த ரகமில்ல."

எழுந்து போகும்போதுதான் தலையைச் சொறிந்துகொண்டு, "சாரிங்க... அடிதடிக்கு" என்றான். புருவத்துத் துளி எப்போதோ காய்ந்திருந்தது. அது இருந்த இடத்தைத் தான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அவன் போன பிறகு முதல் வேலையாக ஏழாம் எண்ணைப் பார்த்தாள். சரியான நேரம். சொன்னபடியே சுவடே இல்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? என்னவோ கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது.

* * *

வெளியிலிருந்து சிஸ்டம் கொண்டு வந்து ஓட்டலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. தலைமை நூலகரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் "கூடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவள் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம், நாளைக்கு... என்று தள்ளிக்கொண்டே போனாள்.

"ஆமா, கண்ண மூடிட்டு அப்படி என்னதான் கேக்கறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். அவன் திரையில் பச்சை அலைகள் ஓடிக்கொண்டிருந்தன. உயரமாய், குட்டையாய், நடுவில் ஒரு கூர் முள்ளாய்...

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினான்.

காதில் வைத்தாள். ஒரு பெருமூச்சு மாதிரி ஓசை. நீண்டு... நீண்டு... டக். மறுபடி பெருமூச்சு.

"ஆஸ்பத்திரி லிஃப்டு. ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒரு டக் கேட்டுச்சா? பக்கத்துச் சுவர்ல ஓடற தண்டவாளத்துல ஒரு இணைப்பு தளருது. இப்ப யாருக்கும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு நடுவுல நிக்கும். ஸ்ட்ரெச்சரோட."

"அதையா கேட்டுட்டு இருந்தீங்க! நான் என்னவோ..."

"என்னவோ?"

"...காதல் பாட்டுன்னு நினைச்சேன்."

"காதல் பாட்டுக்கு டக்னு முள்ளு குத்துமா?"

"குத்துமே!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லா லிஃப்டையும் போனில் பதிவு செய்து வருகிறானாம். இந்த அலைகளைக் காட்டும் ப்ரோக்ராம் நூலகக் கணினியில் கிடையாது. சொந்த லேப்டாப்பின் மேல் அண்ணன் பிள்ளைகள் மீன் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். மீனைக் காப்பாற்றிவிட்டார்கள், லேப்டாப்பைத்தான் முடியவில்லை. அதனால்தான் இந்தப் பென் டிரைவ் குடித்தனம்.

"எங்க கட்டடத்துல லிஃப்டே இல்ல. அப்புறம் எதுக்கு இங்க வர்றீங்க?"

"சத்தமில்லாத இடம் வேணும்ல?"

"அது சரி... எப்பவும் ஏன் ஏழு?"

கேட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டாள். ஏழாம் எண்ணிலிருந்து பார்த்தால் அவளுடைய மேஜை நேரே தெரியும். பக்கத்திலேயே இருக்கும் ஆறுக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் ஒரு பெரிய தூண். இதையெல்லாம் அவள் என்றோ கவனித்து வைத்திருந்தாள்.

"மத்ததெல்லாம் ஆரம்பத்துலயே பாஸ்வேர்டு கேக்குது மேடம். பென் டிரைவ்லேர்ந்து எழுந்திருக்க விடாது. ஏழுக்கு மட்டும் பூட்டுப் போட மறந்துட்டாங்க."

"ஓ... பூட்டா" என்றாள்.

அன்று மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள். அக்கா மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எழுத்தே புரியாத சீட்டைப் படிக்கிறவளுக்குத் தங்கை முகமா பெரிது?

"யாருடி அந்த ஏழு?"

"எந்த ஏழு?"

"'ஏழுக்கு மட்டும் பூட்டு இல்லையாம்'னு துண்டுகிட்ட சொல்லிட்டு இருந்தியே, அந்த ஏழு."

"அது... கம்ப்யூட்டர்க்கா."

"கம்ப்யூட்டர் பேர சொன்னா கன்னம் ஏண்டி இப்படி ஆகுது?"

* * *

அவள் தெரிந்தே விட்ட பதினாறாவது நாள், ஒன்று இருபதுக்கு, தலைமை நூலகர் கணினி அறைக்குள் வந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார். அதை எடுத்து மூக்கில் வைத்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

ஏழாம் எண்ணின் முன்னால் நின்றார். கண்ணாடி மூக்குக்கு ஏறியது.

"இது நம்ம ஸ்கிரீன் இல்லையே. என்னம்மா இது?"

அறை முழுக்க விசைகளின் ஓசை நின்றது. சதுரங்கக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். உறுதிக் கடிதம்... அம்மா... மாதம் முடிய இன்னும் நான்கே நாள்...

"தெரியல மேடம்."

"தெரியலையா?"

"நான்... இப்பதான் பாக்கறேன்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று புரிந்தது.

அவன் அவளை ஒரே ஒரு முறை பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அந்தக் கண்களில் இருந்தது ஆச்சரியம். ஏன் சரியாக நான்கு என்று கேட்ட அன்று இருந்த அதே ஆச்சரியம்.

"அவங்களுக்குத் தெரியாதுங்க" என்று எழுந்தான். "நான்தான் யாருக்கும் தெரியாம பண்ணிட்டு இருந்தேன்."

கணினியை அணைத்தான். சாவிக்கொத்தைப் பிடுங்கினான். மிதியடியில் காலைத் துடைக்கவில்லை. வெளியே போகிறவன் எதற்குத் துடைக்க வேண்டும்?

மறுநாள் ஒரு மணிக்கு வாசலைப் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். ஏழாம் எண் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் தலைமை நூலகரின் அறைக்குப் போனாள். மேஜையில் கையெழுத்துக்கு வைத்திருந்த கடிதங்களில் மேலாக இருந்தது அவளுடையது.

"மேடம், அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அவர் என்ன பண்றார்னு எனக்குத் தெரியும். நான்தான் விட்டேன்."

"எத்தனை நாளா?"

"பதினாறு."

"இப்ப ஏம்மா வந்து சொல்றே? யாராவது புகார் கொடுத்தாங்களா?"

"இல்ல மேடம். அவர் எனக்காக ஒரு பொய் சொல்லிட்டுப் போனார். என் பொய்யே எனக்குத் தாங்கல... அவரோடதும் சேர்ந்து..."

தலைமை நூலகர் அந்தக் கடிதத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "இன்னும் மூணு மாசம் போகட்டும். அப்புறம் பாக்கலாம்."

"சரி மேடம்."

கதவு வரைக்கும் போய்விட்டாள்.

"நில்லு. அந்தப் பச்சை அலை... அது என்னது?"

அவள் சொன்னாள். பெருமூச்சு, டக், ஸ்ட்ரெச்சர், பேட்டரிக் கடிகாரம், நான்கு மணி நேரம். தலைமை நூலகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கடைசியில், "இதுக்கு ஒரு பதிவேடு போட்டு, பூட்டு இல்லாத மெஷின் எதுன்னு பாத்து, ஒண்ணு ஒதுக்கி வெச்சா போச்சு. இதுக்கு ஏம்மா ஒளிஞ்சு விளையாடினீங்க?" என்றார்.

அவள் பத்துக் கணினிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் கையாலேயே அறிவிப்பு எழுதி ஒட்டினாள். 'சொந்தப் பென் டிரைவிலிருந்து இயக்க விரும்புவோர், பதிவேட்டில் கையெழுத்திட்டு, ஏழாம் எண் கணினியை மட்டும் பயன்படுத்தலாம்.'

"பைத்தியமாடி உனக்கு!" என்றாள் அக்கா. "அம்மாகிட்ட யார் சொல்றது?"

"சொல்லிட்டேன்."

"அந்த ஏழுகிட்ட?"

அவள் ஒரு துண்டை உதறி மடிக்கத் தொடங்கினாள்.

"கார்டுல போன் நம்பர் இருக்கும்ல?"

"அது நூலகத்துக்குக் கொடுத்த நம்பர்க்கா. எனக்குக் கொடுத்ததில்ல."

அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தங்கையின் பங்குத் துணியையும் சேர்த்து மடித்து வைத்தாள்.

* * *

ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் பத்திரிகைப் பிரிவுப் பெண்ணை மேஜையில் உட்கார வைத்துவிட்டு, அவள் ஒரு மணிக்கே சாப்பிடப் போனாள். வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது அலுத்துவிட்டது. இரண்டே காலுக்குத் திரும்பி வந்தால் அறைக்குள் ஒரே கூச்சல்.

"எனக்கு இன்னும் நாலே முக்கால் மணி நேரம் இருக்கு. யாரும் எழுப்ப முடியாது!" சதுரங்கக்காரர்.

"அலாரம், வந்து கேளும்மா இந்த அநியாயத்த!" தையல்கார அக்கா.

அவள் ஓடினாள். ஏழாம் எண்ணின் வலது மூலை...

காலை 10:16.

மனதுக்குள் ஏதோ டக் என்றது. தண்டவாளத்தில் இணைப்பு தளருகிற அதே டக்.

பதிவேட்டைத் திறந்தாள். புதுப் பக்கத்தில் ஒரே ஒரு கையெழுத்து. வந்த நேரம் 1:05. போன நேரம்... 9:52.

வருவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே போயிருக்கிறான்! நூலகம் திறப்பதற்கும் முன்னால்!

"அந்த ஆள் எப்பப் போனாரு?"

"அவரு போனாரே, அரை மணி நேரம் இருக்கும். மழைக்கு வாசல்லதான் நிக்கறாரு போல" என்றாள் பத்திரிகைப் பிரிவுப் பெண். "அறிவிப்ப நாலு தடவ படிச்சாரு. யாரு எழுதினதுன்னு கேட்டாரு. அதுக்கு உங்களுக்கு லெட்டர் தள்ளிப் போன கதையும் சொல்லிட்டேன். சொல்லக் கூடாதோ?"

அதற்குள் அவள் வாசலில் இருந்தாள்.

அவன் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். கையில் மடக்கிய குடை. குடை வைத்திருப்பவன் எதற்கு மழை விடக் காத்திருக்க வேண்டும்?

"அந்த வரி அழிஞ்சுடுச்சா?" என்றாள். மூச்சு வாங்கியது.

"எந்த வரி?"

"கடிகாரத்துக்கு நீங்க எழுதின வரி. மறக்காதுன்னு சொன்னீங்க."

"மறக்கல." குடையின் நுனியால் தரையில் தேங்கிய தண்ணீரைக் கலைத்தான். "நான்தான் எடுத்தேன்."

"ஏன்?"

"ஆஸ்பத்திரி ரிப்போர்ட் பாக்கி இருந்துச்சு. முடிச்சுட்டு, நீங்க வர்றதுக்குள்ள போயிடலாம்னுதான் வந்தேன். வழக்கம் போல சுவடு இல்லாம. அப்புறம் அந்த அறிவிப்பப் பார்த்தேன்..." நிமிர்ந்தான். "இந்த முறை சுவடு இல்லாம போக மனசு வரல. நீங்க முதல்ல பாக்கறது அந்த மூலையத்தான்னு தெரியும்."

மழை கொஞ்சம் வலுத்தது.

"அன்னிக்கு உங்களத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள் அவள். "உலகத்துலயே எனக்கு நல்லாத் தெரிஞ்சுக்கணும்னு இருந்த ஒரே ஆள..."

"எனக்கு வலிச்சுது. இல்லைன்னு சொல்லல" என்றான். "வீட்டுக்குப் போய் யோசிச்சேன். ரெண்டு பேரும் ஒரே கடிகாரத்த ஆளுக்கு ஒரு விதமா படிச்சுட்டோமோன்னு... நான் இந்த நூலகத்த வெறும் சத்தமில்லாத இடம்னு சொல்லிட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்க வேலையே போனாலும் போகட்டும்னு என்ன உள்ள விட்டிருக்கீங்க. எனக்கு அது தெரியவே இல்ல."

"இப்ப?"

"இப்ப நானும் ஒண்ணு சொல்லணும். நான் சொன்னதும் பொய்தான்." அவன் காது மடல் சிவந்தது, முதல் நாள் மாதிரியே. "ஏழுக்கு மட்டும் பூட்டு இல்லன்னு சொன்னேன்ல... ஆறுக்கும் இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

"தெரியும்."

"தெரியுமா! எப்ப?"

"அறிவிப்பு எழுதறதுக்கு முன்னாடி பத்தையும் திறந்து பாத்தேனே."

அவன் கண்கள் மெல்ல விரிந்தன. அந்தப் பழைய ஆச்சரியம். அந்தப் பழைய கேள்வி.

"அப்ப ஏன் ஏழு மட்டும்னு எழுதினீங்க?"

அவள் தூணைப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் அவனைப் பார்த்தாள்.

"ஆறுல நீங்க உட்கார்ந்தா... தூண் மறைக்கும். எனக்கு உங்களத் தெரியாது."

உள்ளே சதுரங்கக்காரர், "இன்னும் நாலரை மணி நேரம்!" என்று அறிவித்தார். போய் அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். செய்யலாம்... கொஞ்சம் பொறுத்து.